பழைய படியும் புதிய பக்கமும்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லையாக விளங்குவது வங்கக் கடல். கோவளம், மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என வடக்கிலிருந்து தெற்காக நீளும் அக்கடற்கரையில் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. அங்கு வாழும் மக்களுக்குக் கடலே வயல், படகே ஏர். காற்றின் திசையையும், மேகத்தின் நிறத்தையும், அலையின் போக்கையும் கண்டே அவர்தம் முன்னோர் கடலுக்குச் செல்வதா, கரையில் நிற்பதா என்று முடிவு செய்தனர். அவ்வறிவு இன்றும் அவர்களிடம் உண்டு. அதற்குத் துணையாக இன்று வானொலியும் கைப்பேசியும் வந்துள்ளன. வானிலைத் துறை இணையத்தில் வெளியிடும் அறிக்கையைக் கரையில் நின்றபடியே எவரும் படித்தறியலாம்.

ஆயின், கைப்பேசியில் தோன்றும் அறிக்கை இன்று வெளியானதா, நேற்று வெளியானதா? இவ்வினா சிறிதாகத் தோன்றலாம். உயிரும் உடைமையும் இவ்வினாவைப் பொறுத்து நிற்கும் நாள்களும் உண்டு.

மாண்டஸ் புயல்

2022-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் வாரத்தில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று. அது தமிழகக் கரையை நோக்கி நகர்ந்து, 7-ஆம் நாள் இரவு புயலாக வலுப்பெற்றது. ஐக்கிய அரபு அமீரகம் முன்னரே அளித்திருந்த 'மாண்டஸ்' என்னும் பெயர் அதற்கு இடப்பெற்றது. 8-ஆம் நாள் அது கடும்புயல் ஆயிற்று. 9-ஆம் நாள் வலுக் குறைந்து மீண்டும் புயல் என்னும் நிலையை அடைந்தது. அன்றிரவு தொடங்கி 10-ஆம் நாள் பின்னிரவுக்குள் மாமல்லபுரத்திற்கு அருகே கரையைக் கடந்தது. அப்பொழுது காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. இடையிடையே அவ்வேகம் 85 கிலோமீட்டர் வரை உயர்ந்தது.

புயல் இருக்கும் இடமும், அதன் வலிமையும், அது கரையைக் கடக்கும் நேரமும் ஓயாமல் மாறுவன. ஆதலின், புயல் உருவான பின்னர் இந்திய வானிலைத் துறை 3 மணி நேரத்திற்கு ஒரு முறை அறிக்கை வெளியிடுகிறது. புயல் கரையை நெருங்குங்கால் செய்தி அதனினும் அடிக்கடி வருகிறது. ஓர் அறிக்கை வெளியானவுடன் அதற்கு முந்திய அறிக்கை தன் பயனை இழந்துவிடுகிறது.

கடற்கரை ஊரினர் ஒருவர், அத்தகைய புயல் நாளின் காலையில், முன்பு பார்த்த அதே பக்கத்தை மீண்டும் திறக்கிறார் எனக் கொள்க. புதிய அறிக்கை வெளியாகிவிட்டது. ஆனால் அவருடைய கைப்பேசி முதல்நாள் அறிக்கையையே காட்டுகிறது. புயல் இன்னும் நெடுந்தொலைவில் இருப்பதாக அவர் எண்ணுகிறார். படகைக் கரையேற்றவும் வலையை எடுத்துவைக்கவும் வேண்டிய அளவு காலம் இருப்பதாக நம்புகிறார். பக்கத்தில் உள்ள எழுத்துகளில் பிழை இல்லை. அவை எழுதப்பெற்ற நேரத்தில் உண்மையாகவே இருந்தன. காலம் கடந்தமையால் அவ்வுண்மையே இப்பொழுது இடையூறாக மாறிவிட்டது. இவ்வாறு பழைய பக்கம் தோன்றுவது எதனால்? அதனை அறிய, இணையப் பக்கம் கண்ணுக்குத் தோன்றும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

படி சேமிக்கும் உலாவி

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்பது பெயர். குரோம், பயர்பாக்ஸ், சபாரி முதலியன உலாவிகள். ஒருவர் ஒரு பக்கத்தை வேண்டும்பொழுது, உலாவி அப்பக்கம் உள்ள சேவையகம் என்னும் தொலைக்கணினிக்கு வேண்டுகோள் விடுக்கிறது. சேவையகம் அப்பக்கத்தின் எழுத்துகளையும், படங்களையும், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகளையும் தனித்தனியே அனுப்புகிறது. உலாவி அவற்றைச் சேர்த்து ஒரு பக்கமாக்கிக் காட்டுகிறது.

ஒரே பக்கத்தை ஒருவர் நாள்தோறும் பார்ப்பதுண்டு. ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் தொலைவிலிருந்து கொண்டுவருவது வீண் உழைப்பு, காலமும் செலவாகும், தரவுக்குரிய பணமும் செலவாகும். ஆதலின் உலாவி, ஒரு முறை பெற்ற கோப்புகளின் படிகளைக் கணினியிலோ கைப்பேசியிலோ ஓரிடத்தில் சேமித்து வைக்கிறது. மறுமுறை அதே பக்கம் வேண்டப்படும்பொழுது, அருகில் உள்ள படியையே எடுத்துக் காட்டுகிறது. பக்கம் விரைந்து தோன்றுகிறது. இத்தற்காலிகச் சேமிப்பிற்குக் 'கேஷ்' என்பது பெயர்.

கேஷ் என்னும் சொல், மறைத்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அரபு நாட்டில் மாண்டஸ் என்பது விலையுயர்ந்த பொருள்களை வைத்துக் காக்கும் மரப்பெட்டியின் பெயர். மாமல்லபுரத்தை அடைந்த புயலின் பெயரும், உலாவியின் சேமிப்பைக் குறிக்கும் பெயரும் பொருளால் நெருங்கியிருத்தல் தற்செயலே எனினும், மனத்தில் பதிதற்கு உரியது.

இம்முறை இணையத்தினும் பழமையானது. கணினியின் பெரிய நினைவகம் மெதுவாக இயங்குதலின், அதற்கு முன்னே விரைந்து இயங்கும் சிறிய நினைவகம் ஒன்றை அமைக்கலாம் என்று இங்கிலாந்து நாட்டு அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் எழுதினார். 1968-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வரிசையின் 85-ஆம் வகைக் கணினியில் இத்தகைய நினைவகம் இடம்பெற்றது. அடிக்கடி வேண்டும் பொருளை அருகில் வைத்துக்கொள்ளுதல் என்னும் அக்கருத்தே பின்னர் உலாவிகளிலும் கைக்கொள்ளப்பெற்றது.

ஏரி கற்பிக்கும் பாடம்

செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். செங்கற்பட்டு நகரில் இருப்புப்பாதையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது கொளவாய் ஏரி. மதுராந்தகம் ஏரியோ அதனினும் பெரியது. மழை ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. ஆறும் எல்லா வயலுக்கும் அருகே ஓடுவதில்லை. ஆகவே முன்னோர் நீரை ஏரியில் தேக்கி, வேண்டும்பொழுது மதகின் வழியே வயலுக்குப் பாய்ச்சினர். தொலைவில் உள்ளதை அருகில் தேக்கி வைத்துக்கொள்ளும் அறிவே ஏரியாக உருப்பெற்றது எனலாம். உலாவியின் கேஷும் இத்தகைய தேக்கமே ஆகும்.

ஏரியில் வண்டல் படிந்தால் நீர் கொள்ளும் இடம் குறைகிறது. அதனால் காலந்தோறும் தூர் வாருதல் வேண்டும். கேஷிலும் பழைய படிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றையும் சில வேளைகளில் அகற்ற வேண்டியுள்ளது. இவை இரண்டிற்கும் ஒரு வேறுபாடும் உண்டு. ஏரியில் தேங்கிய நீர் நேற்றையதாயினும் வயலுக்கு உதவும். கேஷில் தேங்கிய செய்தியோ, மூலம் மாறிய நொடியிலேயே பழையதாகிவிடுகிறது; தான் பழையதாகிவிட்டதை அது அறிவதும் இல்லை. சேமித்த படியின் நன்மையும் தீமையும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளன.

படியின் ஆயுள்

படி பழையதா, புதியதா என்பதை உலாவி எவ்வாறு உணர்கிறது? சேவையகம் ஒரு கோப்பை அனுப்பும்பொழுது, கண்ணுக்குத் தோன்றாத சில குறிப்புகளையும் உடன் அனுப்புகிறது. அவற்றுள் ஒன்று அப்படியின் ஆயுளைக் கூறுவது. ஆயுள் நொடிக்கணக்கில் குறிக்கப்பெறும். 86,400 நொடி என்று குறித்திருந்தால், ஒரு நாள் முழுவதும் அப்படியைப் பயன்படுத்தலாம் என்பது பொருள். அக்காலம் முடியும்வரை உலாவி சேவையகத்தை மீண்டும் கேளாமலே இருக்கலாம்.

ஆயுள் முடிந்த படியை உலாவி உடனே எறிந்துவிடுவதில்லை. "என்னிடம் உள்ள படிக்குப் பின் மாற்றம் ஏதேனும் உண்டா?" என்று சேவையகத்தை வினவுகிறது. மாற்றம் இல்லையெனில், சேவையகம் 304 என்னும் எண்ணை மட்டும் விடையாக அனுப்புகிறது. அதனைக் கண்ட உலாவி பழைய படியையே காட்டுகிறது. மாற்றம் இருப்பின், புதிய கோப்பே வந்து சேர்கிறது. கோப்பு இறுதியாக மாறிய நாளைக் கொண்டோ, ஒவ்வொரு வடிவத்திற்கும் இடப்பெறும் அடையாளக் குறியைக் கொண்டோ இவ்வேறுபாடு கண்டறியப்படுகிறது. அடிக்கடி மாறும் பக்கங்களுக்கு, 'ஒவ்வொரு முறையும் கேட்ட பின்னரே காட்டுக' என்றோ, 'சேமித்தலே வேண்டா' என்றோ குறிப்பு அனுப்பவும் வழி உண்டு.

சேவையகம் ஆயுளைக் குறிக்காமல் விட்டுவிட்டால் என்ன நேரும்? அப்பொழுது உலாவி தானே ஓர் ஆயுளைக் கணித்துக்கொள்ளலாம். பக்கம் இறுதியாக மாறி எத்தனை நாள் ஆயிற்றோ, அதில் 10-இல் ஒரு பங்கு காலம் படியை நம்புவது பெருவழக்கான கணக்கு. மாறிப் 10 நாள் ஆன பக்கத்தை 1 நாள் நம்பலாம். 30 நாள் ஆன பக்கத்தை 3 நாள் நம்பலாம். நெடுநாள் மாறாத பக்கம் இனியும் மாறாது என்பது இக்கணக்கின் அடிப்படை. அமைதியான காலத்தில் இஃது ஏற்றதே. ஆயின் கடலோ நெடுநாள் அமைதியாக இருந்து ஒரே இரவில் கொந்தளிப்பது. அமைதி நீண்ட அளவிற்குப் பழைய படியின்மேல் உலாவி கொள்ளும் நம்பிக்கையும் நீளும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாதி புதிது, பாதி பழையது

ஒரு பக்கத்தின் எழுத்தும் படமும் வெவ்வேறு கோப்புகள் என்பது மேலே கூறப்பெற்றது. ஒவ்வொன்றின் ஆயுளும் வெவ்வேறாக இருக்கக்கூடும். எனவே எழுத்து இன்றையதாகவும், புயலின் பாதையைக் காட்டும் படம் நேற்றையதாகவும் ஒரே பக்கத்தில் தோன்றுதல் இயலும். பழைய படத்திற்கு இட்ட பெயரையே புதிய படத்திற்கும் இட்டிருந்தால், அவை இரண்டும் வேறு என்பதை ஆயுள் முடியும்வரை உலாவி அறியாது. இதனைத் தவிர்க்கவே, பக்கம் அமைப்போர் கோப்பு மாறுந்தோறும் அதன் பெயரையும் மாற்றுகின்றனர். புதிய பெயரைக் கண்ட உலாவி, அப்பெயரில் தன்னிடம் படி இன்மையால், சேவையகத்திடமே சென்று பெறுகிறது. படத்தின் மூலையில் நாளும் நேரமும் பொறித்து வெளியிடுவதும் நல்ல வழக்கம். படிப்போரும் எழுத்தில் உள்ள நாளை மட்டும் பார்த்து அமைதி அடையாமல், படத்தில் உள்ள நாளையும் பார்த்தல் நலம்.

புதிய பக்கத்தைக் காணும் வழி

பழைய பக்கம் தோன்றுவதாக ஐயம் எழுந்தால் செய்யத் தக்கவை சில. அவற்றை எளியதிலிருந்து தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல் வேண்டும்.

முதலாவது, பக்கத்தில் குறித்துள்ள நாளையும் நேரத்தையும் பார்த்தல். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. கண் ஒன்றே போதும்.

இரண்டாவது, பக்கத்தைப் புதுப்பித்தல். உலாவியின் மேற்பகுதியில் வட்டமாக வளைந்த அம்புக்குறி ஒன்று காணப்படும். அதனை அழுத்தினால் உலாவி சேவையகத்தை மீண்டும் கேட்கும். பெரும்பாலும் இதுவே போதும்.

மூன்றாவது, சேமித்த படிகளைப் பாராமல் எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே பெறுமாறு செய்தல். விண்டோஸ் கணினியில் குரோம், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளில் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் இது நிகழும். கண்ட்ரோல் விசையுடன் எப்5 விசையை அழுத்துவதும் உண்டு. அந்த ஒரு பக்கத்திற்கு மட்டுமே இது பயன்படும். பிற தளங்களின் படிகள் அழிவதில்லை.

நான்காவது, கேஷ் முழுவதையும் நீக்குதல். கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் என்னும் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் அதற்குரிய பெட்டி திறக்கும். கைப்பேசியில் உலாவியின் அமைப்புகளுக்குள் தனியுரிமை என்னும் பகுதியில் அது கிடைக்கும். கடந்த ஒரு மணி நேரத்துப் படிகளை மட்டும் நீக்குவதா, எல்லாக் காலத்துப் படிகளையும் நீக்குவதா என்பதையும் அங்கே தேர்ந்துகொள்ளலாம்.

இவ்விடத்தில் விழிப்பு வேண்டும். அப்பெட்டியில் சேமித்த படங்களும் கோப்புகளும், குக்கிகளும், பார்த்த பக்கங்களின் வரலாறும், கடவுச்சொற்களும் தனித்தனியே குறிக்கப்பெற்றிருக்கும். பழைய பக்கத்தை அகற்றுவதற்குச் சேமித்த படங்களும் கோப்புகளும் என்னும் ஒன்றைத் தேர்தலே பெரும்பாலும் போதும். குக்கிகளை நீக்கினால், உள்நுழைந்திருந்த தளங்களிலிருந்து வெளியேற நேரும். கடவுச்சொற்களை நீக்கினால், அவற்றை மறந்தவர் இடர்ப்படுவர். தூர் வாரச் சென்றவன் கரையையும் வெட்டிவிடலாகாது அன்றோ?

நீக்கலாகாத வேளை

கேஷை நாள்தோறும் நீக்குதல் நல்ல வழக்கமாகுமா? ஆகாது. நீக்கிய பின் ஒவ்வொரு பக்கமும் தொலைவிலிருந்தே வருதல் வேண்டும். காலமும் தரவும் மிகுதியாகச் செலவாகும். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபொழுது, மின்வசதியும் தொலைத்தொடர்பும் பெரிதும் சீர்குலைந்தன. அத்தகைய வேளையில் ஒருவர் தம் கைப்பேசியில் உள்ள படியை நீக்கிவிட்டால், பழையதும் போகும், புதியதும் வாராது. நாளும் நேரமும் தெளிவாகக் குறித்த பழைய அறிக்கை, ஒன்றும் இல்லாமைக்கு மேலானது. ஆதலின், இணைப்பு இருப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே சேமித்ததை நீக்குதல் வேண்டும். இணைப்பு இல்லாதபொழுது வானொலியையும், அரசு அலுவலர் செய்யும் அறிவிப்பையும் நாடுதலே அறிவுடைமை.

வேறு இடங்களில் உள்ள படிகளும் உண்டு. பெரிய தளங்கள், தொலைநாட்டில் உள்ள மூலச் சேவையகத்தின் சுமையைக் குறைக்கும்பொருட்டு, மக்களுக்கு அருகே உள்ள தரவு நிலையங்களில் தம் பக்கங்களின் படிகளை வைப்பதுண்டு. கணினிகள் வரிசை வரிசையாக நின்று ஓயாது இயங்கும் இடமே தரவு நிலையம். செங்கற்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியிலும் பெருந்தரவு நிலையங்கள் அமைந்துள்ளன. இத்தகைய இடைநிலைப் படி பழையதாக இருப்பின், கைப்பேசியில் உள்ள கேஷை எத்தனை முறை நீக்கினாலும் பயன் இராது. மூலமே புதுப்பிக்கப்பெறாமல் இருப்பினும் அவ்வாறே. ஆதலின், எல்லாம் செய்த பின்னும் நாள் மாறவில்லையெனில், வேறொரு வழியாகச் செய்தியை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பழையது பொய் அன்று

செங்கற்பட்டின் பெயரே இக்கருத்திற்குச் சான்று தருகிறது. முன்னாளில் இப்பகுதி முழுவதும் செங்கற்பட்டு மாவட்டம் எனவே வழங்கியது. 1997-இல் அப்பெரிய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 நவம்பர் 29-ஆம் நாள் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாகித் தமிழ்நாட்டின் 37-ஆவது மாவட்டம் ஆயிற்று. மாமல்லபுரமும் அதன்பால் வந்தது. 2010-இல் அச்சிட்ட நிலப்படம் மாமல்லபுரத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் காட்டும். அந்நிலப்படம் பொய் கூறவில்லை; தன் காலத்து உண்மையைக் கூறுகிறது. அதனை இன்றைய நிலப்படமாகக் கொள்வோரே பிழை செய்கின்றனர்.

சேமித்த படியும் அத்தகையதே. அது வேலைக்காரனைப் போல விரைந்து உதவும். ஆயினும் மூலத்திற்கு நேர்ந்த மாற்றத்தைத் தானாக வந்து கூறாது. பாட்டும் படமும் காண்போர்க்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. தேர்வு நாள், ஊர்தி புறப்படும் நேரம், மருத்துவச் செய்தி, புயல் அறிக்கை ஆகியவற்றைத் தேடுவோர்க்கோ பழைய படி ஏட்டுச் சுரைக்காய் ஆகும், கறிக்கு உதவாது.

படிக்கும் செய்தி உண்மையா என்று வினவுதலை எல்லோரும் அறிவர். அது எந்நாளைய உண்மை என்று வினவுதலையும் அதனோடு சேர்த்துக் கற்றல் வேண்டும். கடலுக்குச் செல்வோர் முதலில் வானத்தைப் பார்ப்பர். அவ்வாறே செய்தியை நம்பிச் செயலில் இறங்குவோர் முதலில் அதன் நாளைப் பார்த்தல் வேண்டும்.